பழைய சேலையில் போர்வை, பருத்தி நூலில் சால்வை: காவிரி டெல்டா வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

காவிரி டெல்டாவில் கையால் போர்வை தைக்கவும் ஊசிப் பின்னல் பின்னவும் தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் பார்ப்பது குளிர்நாட்டவர்கள் தந்த குறிப்புகளையும் காணொளிகளையும்தான். அவற்றில் சொல்லப்படும் தடித்த பஞ்சு அடுக்கும் கம்பளி நூலும் அந்த ஊர்க் குளிருக்குப் பொருத்தமானவை. தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. சித்திரை வெயிலில் அது 38, 40 என்று ஏறிவிடுகிறது. ஆகவே அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றித் தொடங்கிய வேலை, பங்குனி பிறந்ததும் மடியில் வைக்க முடியாமல் பரணுக்குப் போய்விடுவதில் வியப்பில்லை. பாதியில் நிற்கும் கைவேலைக்குச் சோம்பலே காரணம் என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வது வழக்கம். ஆனால் ஊருக்குப் பொருந்தாத பொருளைத் தேர்ந்தெடுத்ததும், அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்யாமலே வேலையை மடித்து வைத்ததும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன.

இந்த வழிகாட்டி இரண்டு வேலைகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டியையும் கொண்டு தைக்கும், 36 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் கொண்ட ஒட்டுத்துணிப் போர்வை. குழந்தையைக் கிடத்துவதற்கும், ஈஸிசேரில் விரிப்பதற்கும், பனிக்காலத்தில் காலுக்குப் போர்த்திக்கொள்வதற்கும் இந்த அளவு போதும். மற்றொன்று, பருத்தி நூலில் பின்னும், 45 சென்டிமீட்டர் அகலமும் 150 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட சால்வை. இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போர்வை வேலைக்குத் தரையும் பகல் வெளிச்சமும் இஸ்திரிப் பெட்டியும் வேண்டும். பின்னல் வேலையைப் பேருந்துப் பயணத்திலும், உலை கொதிக்கும் நேரத்திலும், மருத்துவமனையில் முறைக்காகக் காத்திருக்கும்போதும் கையில் எடுக்கலாம். ஒன்றுக்கு வழியில்லாத நாளில் மற்றொன்று நகரும். மூன்றாவதாக இன்னொரு வேலையைத் தொடங்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதிருப்பது நல்லது.

பருவத்தைப் பார்த்துத் தொடங்குதல்

துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, உலர்த்தி, இஸ்திரி போடும் கட்டத்துக்கு நல்ல வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் இப்பகுதியில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் துவைத்த துணி இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் ஈரவாடை போகாது. உள்ளே ஈரம் தங்கிய அடுக்கைத் தைத்து மூடிவிட்டால் பூசணம் பிடித்துக் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளிகளைப் பிறகு எடுப்பது மிகவும் கடினம்.

போகிக்கு முன்பு வீட்டை ஒழிக்கும்போது பழைய சேலைகளும் வேட்டிகளும் தாமாகவே வெளியே வரும். அவற்றை எரிக்கவும் பாத்திரக்காரரிடம் போடவும் விடாமல் தனியே எடுத்து வைப்பதுதான் முதல் வேலை. மாசி, பங்குனியில் துவைத்து வெட்டிவிடலாம். சித்திரை முதல் ஆனி வரை சிறு துண்டுகளை இணைக்கும் வேலை நடக்கட்டும், ஏனெனில் அப்போது மடியில் கிடப்பது கையளவு துணி மட்டுமே. மேல்துணி, நடுத்துணி, அடித்துணி ஆகிய மூன்று அடுக்கையும் தரையில் விரிக்கும் வேலையை ஆடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆடிக்காற்றில் கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் துணி பறக்கும். ஆவணியில் அடுக்கி, புரட்டாசியிலிருந்து மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் அடுக்குத் தையலைப் போட்டால் மார்கழிக்குப் போர்வை தயாராகிவிடும். இது நாளுக்கு அரை மணி நேரம் மட்டுமே கிடைப்பவர்களுக்கான நிதானமான கணக்கு. கூடுதல் நேரம் உள்ளவர்கள் வேகமாக முடிக்கலாம், ஆனால் வெயில் வேலை வெயிலிலேயே நடக்க வேண்டும்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பழைய சேலை எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. உட்காரும் இடமும் கால் தட்டும் கீழ்க்கரை ஓரமும் முதலில் நைந்துபோகின்றன. இடுப்பில் முதல் சுற்றாகச் செருகும் பகுதி நெடுநாள் உறுதியாக இருக்கும். சேலையைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கட்டைவிரல்கள் இரண்டையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்து, துணியை இருபுறமும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல துணி சற்று இறுகி அப்படியே நிற்கும். நைந்த துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூல்கள் விலகி, நெடுக்கே ஓடும் பாவு நூல்கள் மட்டும் வெளிறிய கோடுகளாகத் தெரியும். விரலை எடுத்த பின்பும் அந்தக் கோடுகள் மறையாது. அப்படித் தெரியும் பகுதியைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். பாட்டி கட்டிய சேலை என்ற பாசத்தால் அதைச் சேர்த்தால், முதல் ஆறு மாதத்தில் அந்தச் சதுரமே கிழியும். அத்தகைய துணியை நடு அடுக்குக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அங்கே அது இழுபடுவதில்லை.

பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா என்ற ஐயம் இருந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிந்த வாடையுடன் எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். இரண்டையும் ஒரே போர்வையில் கலப்பதைத் தவிர்க்க வேண்டும். பருத்தி சுருங்கும்போது பாலியஸ்டர் சுருங்காது என்பதால் இணைப்புகள் சுளித்துக்கொள்ளும். திருபுவனம் பட்டுத் துண்டுகளும், பட்டும் பருத்தியும் கலந்து நெய்யும் மயிலாடுதுறை கூறைநாட்டுச் சேலைகளும் அழகானவைதாம், ஆனால் அவற்றை அடிக்கடி துவைக்கும் போர்வையில் சேர்க்க வேண்டாம். சரிகைக் கரையும் குழந்தையின் தோலை உறுத்தும்.

சாயம் போகிறதா என்பதை ஒவ்வொரு துணிக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். துணியின் ஒரு மூலையை நனைத்து, அதன்மேல் வெள்ளைத் துணியை வைத்துச் சூடாக இஸ்திரி போட்டால் வெள்ளையில் நிறம் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீடுகளில் சொல்வதுண்டு. சாயத் தொட்டியில் நிறம் நூலில் ஏறுவதற்கு உப்பு உதவுகிறது என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே சாயமேற்றிய துணியிலிருந்து கசியும் நிறத்தை உப்பு நிறுத்தாது. அலசும் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும், மூன்று நான்கு அலசலுக்குப் பின்பும் தெளியாத சிவப்பையும் கருநீலத்தையும் கைவிட வேண்டும். போர் தண்ணீரில் இரும்புச்சத்து மிகுந்த ஊர்களில் வெள்ளை வேட்டி பழுப்பேறும் என்பதால், கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீரையோ மழைநீரையோ வைத்துக்கொள்வது நல்லது.

இனி வருவது இந்த ஊர்க்காரர்களுக்கு மிகவும் கைகொடுக்கும் வேலை. பல ஆண்டுகள் துவைத்த சேலை மிகவும் மென்மையாக இருப்பதால், கோடு போடும்போது பென்சிலோடு சேர்ந்து நகரும், கத்தரி பட்டதும் கோணலாகும். வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, அதன் மூன்று மடங்கு தண்ணீர் கலந்து, சேலையை அதில் நனைத்து, உதறி, நிழலில் காயப்போட வேண்டும். முக்கால் பாகம் காய்ந்ததும், இன்னும் சற்றே ஈரம் இருக்கும்போது இஸ்திரி போட்டால் துணி அட்டை விறைப்பில் படிந்து நிற்கும். கஞ்சியின் கெட்டித்தன்மை மிகக் குறைவாகவே இருக்கட்டும்; அதிகமானால் ஊசி இறங்காது. வெட்டுவதற்கும் இணைப்பதற்கும் மட்டுமே இந்தக் கஞ்சி தேவை. பூச்சியும் கரப்பானும் கஞ்சித் துணியைத் தேடி வரும் என்பதால், வெட்டிய துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் வைத்திருந்து, போர்வை முடிந்ததும் கஞ்சியை முழுவதும் அலசிவிட வேண்டும்.

அளவும் வெட்டும்

ஒவ்வொரு சதுரத்தையும் 5 அங்குலமாக வெட்டி, நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்து முடித்த பின் 4.5 அங்குலச் சதுரம் கிடைக்கும். குறுக்கே 8 சதுரம் வைத்தால் 36 அங்குலம், நெடுக்கே 10 வைத்தால் 45 அங்குலம், ஆகமொத்தம் 80 சதுரங்கள். வெளிர் நிறத்தில் 40, அழுத்தமான நிறத்தில் 40 என்று மாற்றி மாற்றி வைப்பதே முதல் போர்வைக்குப் போதுமான அழகைத் தரும். 45 அங்குல அகலமுள்ள சேலையில் 5 அங்குலப் பட்டை ஒன்றிலிருந்து 9 சதுரங்கள் கிடைக்கும்; நல்ல நிலையில் உள்ள 25 அங்குல நீளத் துணியே 45 சதுரங்களைத் தந்துவிடும். ஆகவே சேலை போதாமல் போவது அரிது. நல்ல பகுதியைத் தேடி எடுக்கும் பொறுமைதான் வேண்டும்.

அச்சுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பலரும் எடுப்பார்கள். பென்சில் உரச உரச அதன் ஓரம் தேய்ந்து, கடைசியில் வரையும் சதுரங்கள் முதலில் வரைந்தவற்றைவிடச் சிறிதாகிவிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் 5 அங்குலத்துக்கு ஒன்றும் 4.5 அங்குலத்துக்கு ஒன்றுமாக இரண்டு அச்சுகளை வெட்டிக்கொள்ள வேண்டும். பெரியது வெட்டும் கோட்டுக்கு, சிறியது தையல் கோட்டுக்கு. இரண்டு கோடுகளையும் துணியின் பின்பக்கத்தில் வரைய வேண்டும். அச்சின் ஓரம் பாவு நூலோடு ஒட்டியே செல்ல வேண்டும். குறுக்கே, அதாவது தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் வாட்டத்தில் வெட்டினால் துணி இழுபட்டுச் சதுரம் சாய்சதுரமாகும். கட்டம் போட்ட சேலையானால் கட்டத்தின் கோடே வழிகாட்டும்.

வெட்டி இணைப்பதில் மனம் செல்லாதவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் தைக்கும் கவந்திப் போர்வையில் முன்கூட்டியே சதுரம் இணைப்பதில்லை. அடித்துணியின் ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வைத்து, ஓரத்தை மடித்து, ஊசி மேலும் கீழுமாக நேரே ஓடும் ஓட்டத் தையலைச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதிவரை கொண்டுபோகிறார்கள். டெல்டாவிலும் துணிமேல் துணி வைத்துத் தைக்கும் நல்ல மரபு இருக்கிறது: தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பகுதிகளில் தேரிலும் கோயிலிலும் தொங்கவிடும் தொம்பைகளில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் பச்சையுமாக உருவங்களை வெட்டி ஒட்டித் தைக்கிறார்கள். போர்வையின் நடுச் சதுரத்தில் ஒரு தாமரையையோ யாளியையோ அப்படி வைக்க விரும்புகிறவர்கள் அடுத்துள்ள தேர்த்திருவிழாவில் தொம்பையை அருகில் சென்று பார்த்து வரலாம். முதல் போர்வையில் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

சதுரங்களை இணைத்தல்

இணைப்புக்கு 40ஆம் நம்பர் பருத்தித் தையல்நூல் ஏற்றது. ஒரு தடவைக்கு ஒரு முழ நூல் போதும். நூலை நீளமாக எடுத்தால் அடிக்கடி கோர்க்க வேண்டாம் என்று தோன்றும், ஆனால் நீளமான நூல் முடிச்சு விழுந்தும், துணிக்குள் போய்ப்போய் வரும்போது தேய்ந்தும் அறுந்துபோகும். இரண்டு சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்து, தையல் கோடுகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்த்து, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மட்டும் ஓட்டத் தையல் போட வேண்டும். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் விழ வேண்டும், ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை ஒரு பின்தையல் போட்டால் நூல் இழுபட்டு அவிழாது. தையல் மிஷின் உள்ளவர்கள் இந்தக் கட்டத்தை மிஷினிலேயே முடிக்கலாம். அடுக்குத் தையல் கையால் போடப்பட்டால் கைவேலை என்ற பெயருக்கு எந்தக் குறையும் வராது.

ஒரு வரிசையில் 8 சதுரத்துக்கு 7 இணைப்பு, 10 வரிசைக்கு 70. வரிசைகளைச் சேர்க்க நீளமான 9 இணைப்புகள். இந்த 79 என்ற எண்ணே உங்கள் முன்னேற்றத்தின் அளவுகோல். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்று கணக்கு வைப்பதைவிட எத்தனை இணைப்பு முடிந்தது என்று எழுதுவது மனத்துக்கும் தெம்பு தரும், விட்ட இடத்தையும் காட்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் துணிப்பையிலேயே போட்டு வைத்து, எழுந்திருக்கும் முன் ஒரு வரி எழுதிவிட வேண்டும். “சித்திரை 12. 3ஆம் வரிசை 5 இணைப்பு. அடுத்தது நீலப்பூ, பிறகு வெள்ளைக் கட்டம். நூல் வெள்ளை” என்ற அளவில் இருந்தால் போதும். அடுத்து இணைக்க வேண்டிய இரண்டு சதுரங்களையும் சேர்த்துத் துணிக் கிளிப் மாட்டி, மேலாக வைத்துவிட்டு எழ வேண்டும். மறுநாள் பையைத் திறந்ததும் யோசிக்காமல் ஊசி ஓடத் தொடங்கும்.

ஊசியையும் குண்டூசியையும் துணியில் குத்திவிட்டுப் போவதை அடியோடு தவிர்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வாரம் அப்படியே கிடந்தால் துருக்கறை விழும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் அது இன்னும் விரைவில் நடக்கும்.

வரிசைகள் முடிந்ததும் இணைப்பின் மடிப்புகளை ஒற்றைப்படை வரிசைகளில் வலப்புறமாகவும் இரட்டைப்படை வரிசைகளில் இடப்புறமாகவும் சாய்த்து இஸ்திரி போட வேண்டும். அப்போதுதான் இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும், நான்கு சதுரங்கள் கூடும் மூலை நேராக அமையும்.

மூன்று அடுக்கும் அடுக்குத் தையலும்

போர்வை வேலைகளில் பாதி நின்றுபோவது இந்த இடத்தில்தான். மேல்துணி அழகாக முடிந்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். அடித்துணி வாங்கவில்லை, விரிக்க இடமில்லை என்று மாதங்கள் ஓடும். ஆகவே அடித்துணியையும் நடுத்துணியையும் முதல் நாளிலேயே மேல்துணிக்கான சேலைகளோடு சேர்த்துத் துவைத்து எடுத்து வைத்துவிட வேண்டும். எட்டு முழ வேட்டி ஒன்றில் அடித்துணியும் நடுத்துணியில் ஓர் அடுக்கும் கிடைத்துவிடும். இரண்டையும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக, 39 அங்குலத்துக்கு 48 அங்குலமாக வெட்ட வேண்டும்.

நடுவில் என்ன வைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இந்த வெக்கைக்குப் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு வேண்டவே வேண்டாம். தலையணைக்கு ஏற்ற இலவம் பஞ்சும் இதற்கு உதவாது. அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பற்றாமல் நகர்ந்து ஓரத்தில் திரண்டுவிடும். பழைய பருத்திச் சேலையில் இரண்டு அடுக்கோ, ஓர் அடுக்குச் சேலையும் ஓர் அடுக்கு வேட்டியுமோ போதுமானவை. துவைத்தால் ஒரே பகலில் காயும், ஊசியும் எளிதில் இறங்கும். கடையில் பருத்திப் பஞ்சு விரிப்பு வாங்குகிறவர்கள், அது முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கூடத்துத் தரையை ஈரம் இல்லாமல் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்ட வேண்டும். துணி சுருக்கமின்றி இருக்க வேண்டும், ஆனால் விறைப்பாக இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சுருங்கி மேல்துணி உப்பும். அதன்மேல் நடுத்துணியை விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவி, இறுதியில் மேல்துணியைப் போட வேண்டும். நான்கு மூலையிலும் படியோ செம்போ வைத்தால் நகராது. பிறகு நீளமான ஊசியும் வேறு நிற நூலும் கொண்டு, நடுவிலிருந்து தொடங்கி ஓரம்வரை, 4 அங்குல இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாகப் பெரிய பெரிய தையலாக நூலோட்டிவிட வேண்டும். இதற்கு ஆள் துணை வேண்டும். ஒருவர் துணியைப் பிடிக்க, மற்றவர் தைத்தால் ஒரு காலைப்பொழுதில் முடியும். இதை இரண்டு நாளாகப் பிரித்துச் செய்வது சரிவராது, தரையை யாராவது மிதித்துவிடுவார்கள்.

நூலோட்டி முடித்த பின் போர்வை மடியில் ஏறத் தயாராகிறது. 14 அங்குல வட்டமுள்ள எம்ப்ராய்டரி வளையத்தில் நடுப்பகுதியைச் சற்றுத் தளர்வாக மாட்டி, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் இணைப்புக் கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஓட்டத் தையல் போட வேண்டும். முடிச்சு வெளியே தெரியாமலிருக்க, தொடங்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியை இறக்கி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்து, நூலைச் சுண்டி இழுத்தால் முடிச்சு மெல்லிய சத்தத்துடன் மேல்துணியைத் தாண்டி நடு அடுக்குக்குள் போய் நின்றுவிடும். அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் வந்தால் நல்ல வேலை. தொடக்கத்தில் 5 வந்தாலும் குறையில்லை. தையல்கள் ஒரே அளவாக இருப்பதுதான் கண்ணுக்கு இதமானது. நடுவிரலுக்கு விரலுறை மாட்டிக்கொள்ளப் பழகிவிட வேண்டும். அன்றைய வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வட்டத் தடம் பதிந்துவிடும்.

எல்லாச் சதுரமும் முடிந்ததும் மிகுதியை மேல்துணியின் அளவுக்கு வெட்டி, ஓரப்பட்டை வைக்க வேண்டும். சுற்றளவு 162 அங்குலம். மூலைத் திருப்பங்களுக்கும் ஒட்டுகளுக்கும் சேர்த்து, இரண்டரை அங்குல அகலப் பட்டை ஐந்தைச் சேலையின் அகலவாட்டில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். பட்டையை நீளவாட்டில் இரண்டாக மடித்து, முன்பக்கத்தில் ஓட்டத் தையலும், திருப்பிப் பின்பக்கத்தில் ஹெம்மிங்கும் போட்டால் போர்வை முடிந்தது. சரிகையில்லாத சேலைக்கரை உறுதியாக இருந்தால் அதையே பட்டையாக்கலாம். பார்ப்பதற்கும் எடுப்பாக இருக்கும்.

சால்வைப் பின்னல்

கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக் நூல்தான். வியர்வையை உறிஞ்சாத அந்த நூலில் பின்னிய சால்வை இந்த ஊரில் பீரோவைவிட்டு வெளியே வராது. நடுத்தரப் பருமனுள்ள பருத்தி நூலும் 8ஆம் நம்பர் ஊசியும் இதற்குப் பொருத்தமானவை. இங்கே கடைகளில் வழங்கும் பழைய பிரிட்டிஷ் எண் முறையில் 8ஆம் நம்பர் என்பது 4 மில்லிமீட்டர். எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்கக் குறிப்புகளில் 8 என்று இருந்தால் அது 5 மில்லிமீட்டர், அங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும். ஆகவே எந்தக் குறிப்பைப் படித்தாலும் மில்லிமீட்டரைப் பார்த்தே ஊசி வாங்க வேண்டும். கை வியர்க்கிறவர்களுக்கு அலுமினிய ஊசியைவிட மூங்கில் ஊசி வசதியாக இருக்கும்.

பின்னலின் அமைப்பைப் புரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை, வீட்டில் உள்ள பனியன் போதும். அதன் ஓரத்தை மடித்து உற்றுப் பார்த்தால், வெளிப்புறத்தில் வி வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிரை நிரையாக நிற்பதும், உட்புறத்தில் சிறு வளைந்த மேடுகள் குறுக்கே ஓடுவதும் தெரியும். இந்த ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி; வி வடிவமாகத் தெரிவது நிட் கண்ணி. அதே கண்ணியைப் பின்னாலிருந்து பார்த்தால் பர்ல். திருப்பூர் இயந்திரங்கள் செய்வதும் இந்தக் கண்ணிக்குள் கண்ணி இழுக்கும் வேலையையே. பனியனை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒருபுறம் முழுவதும் வி, மறுபுறம் முழுவதும் மேடு என்று பின்னினால் சால்வையின் ஓரமும் அப்படித்தான் சுருளும். எல்லா வரிசையையும் நிட்டாகவே பின்னினால் இருபுறமும் மேடுகள் வரும், ஓரம் சுருளாது. முதல் சால்வைக்கு அதுவே தகுந்தது.

தொடங்குமுன் மாதிரித் துண்டு பின்னியே ஆக வேண்டும். 36 கண்ணி போட்டு, சுமார் 15 சென்டிமீட்டர் உயரம் பின்னி, துவைத்து, சமதரையில் உலர்த்திய பிறகு, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை மேடு என்று எண்ண வேண்டும். 20 கண்ணியும் 20 மேடும் வந்தால், 45 சென்டிமீட்டர் அகலத்துக்கு 90 கண்ணி, 150 சென்டிமீட்டர் நீளத்துக்கு 300 மேடு. ஒரு மேடு என்பது இரண்டு வரிசை, எனவே 600 வரிசை. உங்கள் கை சற்று இறுக்கமாக இருந்து 22 கண்ணி வந்தால், அதே 90 கண்ணி 41 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். அந்தக் குறை சால்வை பாதி வளர்ந்த பிறகே கண்ணில் படும், அப்போது பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இதே துண்டைக் கொண்டு நூலின் தேவையையும் கணக்கிடலாம். 18 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் துண்டின் பரப்பு 270. சால்வையின் பரப்பு 6,750, அதாவது 25 மடங்கு. துண்டின் எடை 11 கிராம் என்றால் சால்வைக்கு 275 கிராம், கூடுதலாகப் பத்து சதவீதம் சேர்த்து சுமார் 300 கிராம் நூலை, ஒரே தடவையில் சாயமேற்றிய ஒரே சாயத்தொகுதியில் வாங்கிவிட வேண்டும். பிறகு வாங்கும் நூலின் நிறம் சற்று மாறியே இருக்கும்.

ஒவ்வொரு 20 மேட்டுக்கும், அதாவது 10 சென்டிமீட்டருக்கு ஒருமுறை, ஓரத்தில் வண்ண நூல் ஒன்றைக் கட்ட வேண்டும். 15 அடையாளங்கள் வந்தால் சால்வை முடிந்தது. அதே இடத்தில் மெல்லிய தையல்நூல் ஒன்றை ஊசியில் கோர்த்து, பின்னல் ஊசியில் உள்ள 90 கண்ணிகளுக்குள்ளும் ஓட்டிவிட்டால், பின்னால் பிழை நேர்ந்து பிரிக்க நேரிட்டாலும் அந்த நூலோடு பிரிவு நிற்கும். கண்ணி ஒன்று நழுவிவிட்டால் பதறி ஊசியை உருவக் கூடாது. கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் நழுவிய கண்ணியைப் பிடித்து, அதற்கு மேலே ஏணிப்படிபோல் தெரியும் நூல்களை, ஒரு வரிசைக்கு முன்பக்கமாகவும் அடுத்த வரிசைக்குப் பின்பக்கமாகவும், ஒவ்வொன்றாக அதற்குள் இழுத்து ஏற்றிக் கொண்டுவர வேண்டும். வெளிர் நிற நூலில் இதைச் செய்வது எளிது. மின்வெட்டும் மங்கலான மாலையும் உள்ள மழைக்காலத்தில் கறுப்பு நூலை எடுப்பது கண்ணுக்குத் தண்டனை.

ஒரு வரிசைக்கு நாலரை நிமிடம் என்று கொண்டால் ஒரு மேட்டுக்கு 9 நிமிடம். நாளுக்கு 5 மேடு பின்னினால் முக்கால் மணி நேரம், இரண்டு மாதத்தில் சால்வை. வரிசையின் நடுவில் நிறுத்தக் கூடாது. இரண்டு ஊசிக்கும் இடையில் கண்ணிகள் இழுபட்டு அந்த இடம் தளரும். பருத்தி நூலில் நீட்சி இல்லாததால் மணிக்கட்டு விரைவில் களைத்துவிடும் என்பதையும் கவனத்தில் கொண்டு, 5 மேட்டுக்குப் பின் கையை விடுவதே நல்லது. புதிய நூலுருண்டையை ஓரத்தில்தான் சேர்க்க வேண்டும். 15 சென்டிமீட்டர் வால் விட்டு, பிறகு பின்னலுக்குள் செலுத்தி மறைக்க வேண்டும். நடுவில் முடிச்சுப் போட்டால் துவைத்ததும் துருத்தி நிற்கும். கடைசியில் கண்ணிகளை மூடும்போது சற்றுத் தடித்த 6ஆம் நம்பர் ஊசியை வலக்கையில் எடுத்துக்கொண்டால் ஓரம் இறுகிச் சுருங்காது.

முடிந்த சால்வையைக் கொடியில் தொங்கவிட்டு உலர்த்தினால் ஈரப் பருத்தி தன் எடையாலேயே நீண்டுவிடும். துவாலையில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, கயிற்றுக் கட்டிலில் பாயும் வேட்டியும் விரித்து, 45க்கு 150 என்ற அளவில் கையால் சரிசெய்து, நிழலில் உலரவிட வேண்டும்.

நின்றுபோன வேலையை மீண்டும் எடுத்தல்

அறுவடைக் காலம், வீட்டில் கல்யாணம், பிள்ளைகளின் தேர்வு என்று வேலை நின்றுவிடுவது இயல்பு. மாதங்கள் கழித்து எடுக்கும்போது உடனே ஊசியைக் கோர்க்கக் கூடாது. முதல் நாளை எண்ணுவதற்கு மட்டும் ஒதுக்க வேண்டும்: எத்தனை இணைப்பு முடிந்திருக்கிறது, எத்தனை மேடு இருக்கிறது, நூல் எவ்வளவு மிச்சம், எந்தத் துணி தீர்ந்திருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு மூடிவிடலாம். பின்னலில் கையின் இறுக்கம் இடைவெளிக்குப் பின் மாறியிருக்கும். 4 மேடு பின்னிப் பார்த்து, பழைய பகுதியோடு அகலம் ஒத்துப்போகவில்லை என்றால், ஒரு நம்பர் மெலிந்த அல்லது தடித்த ஊசிக்கு மாறி, அந்த 4 மேட்டையும் பிரித்துப் பின்ன வேண்டும். போர்வையில் ஒரு சேலை தீர்ந்துபோயிருந்தால் அதைப் போலவே இன்னொன்றைத் தேடி அலைய வேண்டாம். முற்றிலும் வேறான நிறத்தை எடுத்து, ஒரே இடத்தில் அல்லாமல் ஐந்தாறு இடங்களில் பரவலாக வைத்தால் திட்டமிட்டுச் செய்ததாகவே தோன்றும்.

எடுத்துவைக்கும் நாட்களில் போர்வையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல், பழைய தலையணை உறைக்குள் போட்டு, உலர்ந்த வேப்பிலையோ வசம்போ துணி முடிச்சாக உள்ளே வைக்கலாம். மாதம் ஒருமுறை வெயிலில் காட்டி, முன்பு மடித்த கோட்டில் மடிக்காமல் வேறு வாட்டத்தில் மடிக்க வேண்டும். முடிந்த போர்வையிலிருந்து நூலோட்டிய நூல்களை உருவிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கஞ்சியைப் போக்கி, முறுக்கிப் பிழியாமல் இரண்டு கொடிகளின் மேல் அகலமாகப் பரப்பிக் காயப்போட வேண்டும். ஒற்றைக் கொடியில் போட்டால் நனைந்த எடை முழுவதும் நடுத் தையலில் விழும்.